தாத்தாவின் பத்திரமும் ஊர்க்கார உலாவியும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

இணையப் பக்கங்களைத் திறந்து பார்க்கும் உலாவிகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். 'நான் ஃபயர்பாக்ஸ்தான் வைத்திருக்கிறேன், விடுவதாக இல்லை' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஃபயர்பாக்ஸை நடத்தும் மொசில்லாவே கூகுள் கொடுக்கும் பணத்தில்தான் ஓடுகிறது. அப்புறம் என்ன வீராப்பு? தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் இருக்கும் சோஹோ 'உலா' என்று ஓர் உலாவி கொண்டுவந்திருக்கிறது. தமிழ்ப் பெயர், ஊர்க்கார நிறுவனம். அதை விட்டுவிட்டு எங்கேயோ இருப்பதற்கு ஏன் கொடி பிடிக்க வேண்டும்?

என்னைக் கேட்டால் மென்பொருள் கம்பெனி மளிகைக்கடை மாதிரி. சரக்கு நன்றாக இருந்தால் வாங்குவோம், இல்லையென்றால் அடுத்த கடை. விசுவாசம் வைப்பதென்றால் ஜப்பானின் ஜிப்லி மாதிரி அனிமேஷன் ஸ்டூடியோவிடம் வைக்கலாம். கம்ப்யூட்டர் வாடையே இல்லாமல் கையால் வரைகிறார்கள். பிக்சார் ஸ்டூடியோ டிஸ்னியிடம் போன அன்றே முடிந்தது.

ஒரு சந்தேகமும் உண்டு. இங்கே என் பள்ளியில் அனிமேஷன் கற்க ஆசைப்படும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். எதில் தொடங்கச் சொல்லலாம்?

அன்புடன்,
ஆரியங்காவிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

மளிகைக்கடையிலிருந்தே தொடங்குகிறேன். கடைக்காரர் கடையை மூடிவிட்டுப் போனாலும், நேற்று வாங்கிய அரிசி நம் வீட்டுப் பானையில் இருக்கும். மென்பொருளில் அப்படி இல்லை. கடை மூடினால் பானையில் இருக்கும் அரிசியும் போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.

2003இல் செங்கோட்டையில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தேன். என் முதல் தொகுப்பின் கதைகளை அங்கே இரவில் உட்கார்ந்து நானே தட்டச்சு செய்தேன். அந்தத் தமிழ் மென்பொருளை விற்றது ஒரு சிறிய நிறுவனம். கணினியின் பின்னால் ஒரு சின்னப் பூட்டைச் செருகினால்தான் அது திறக்கும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற குறியேற்றமும் அவர்களே வகுத்தது, வேறு யாருக்கும் தெரியாது. சில வருடங்களில் நிறுவனம் மூடிவிட்டது, பூட்டும் பழுதாகிவிட்டது. கதைகள் இருக்கும் குறுந்தகடு இன்றும் என் மேசையில் இருக்கிறது. கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் காலிக் கட்டங்களும் வரிவரியாக வருகின்றன. புத்தகத்தில் வந்த கதைகளைப் பார்த்துப் பார்த்து மறுபடி அடித்துவிட்டேன். அதில் சேர்க்காமல் வைத்திருந்த ஒரு கதை மட்டும் போயேபோய்விட்டது. எங்கள் அம்மா இரவுச் சந்தையில் வெற்றிலை விற்ற கதை அது. திரும்ப எழுத மூன்று முறை உட்கார்ந்தேன், வரவில்லை.

அதே மேசையில் இன்னொன்றும் இருக்கிறது. என் தாத்தா வயல் வாங்கிய பத்திரம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி என்று அந்தப் பக்கம் இருந்த ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். பத்திரம் முழுக்க மலையாளம். தேதி கொல்லம் ஆண்டு 1109, அதாவது 1933-34. தொகை திருவிதாங்கூர்க் காசான சக்கரத்தில். எங்கள் வீட்டில் யாருக்கும் மலையாளம் வாசிக்க வராது. அப்பா இருந்தபோது ஒருமுறை தகராறு வந்து, அதை எடுத்துக்கொண்டு கேரளப் பக்கம் இருக்கும் உங்கள் ஊருக்குத்தான் வந்தோம். பத்திரம் எழுதி ஓய்வுபெற்ற ஆதார எழுத்துக்காரர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வரியில் வைத்து நகர்த்தி, ஒரு மணி நேரத்தில் எல்லைக்கல் உட்பட எல்லாவற்றையும் தமிழில் சொல்லிவிட்டார். எழுதிக் கொடுத்த அரசு போய்விட்டது, காசு போய்விட்டது, ஆண்டுக்கணக்குகூட மாறிவிட்டது. ஆனாலும் பத்திரம் பேசியது. எழுபது வருடம் பிந்தி எழுதிய என் கதை பேசவில்லை.

ஒரு நிறுவனத்தைப் பார்க்கும்போது நான் கேட்பது இது ஒன்றைத்தான். நாளை நீ இல்லாமல் போனால், உன்னிடம் நான் செய்து வைத்ததை வேறு யாராவது வாசிக்க முடியுமா?

உலாவிக்கு வருகிறேன். சோஹோ மேல் எனக்கு மதிப்பு அதிகம். 1996இல் தொடங்கிய நிறுவனம், 2011இல் தென்காசிப் பக்கம் வந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் பெட்டி கட்டிச் சென்னைக்குப் போகாமல் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அங்கே வேலைக்குப் போகிறார்கள். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் 2023இல் வந்த உலாவின் உள்ளே இருப்பது குரோமியம், கூகுள் முன்நின்று நடத்தும் திறந்த உலாவி நிரல். பக்கத்தை வாசித்துத் திரையில் வரையும் அதன் எஞ்சின் பிளிங்க். சோஹோவைக் குறை சொல்லவில்லை. அவ்வளவு பணம் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட்டே 2018 டிசம்பரில் தன் எஞ்சினைக் கைவிட்டு எட்ஜ் உலாவியைக் குரோமியத்துக்கு மாற்றுவதாக அறிவித்தது. ஓபரா 2013லேயே மாறிவிட்டது. பிரேவ், விவால்டி எல்லாம் இதே வழிதான். இன்று பெரிதாக நிற்பவை மூன்று எஞ்சின்கள்: கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ.

இதில் ஒரு வேடிக்கை, பிளிங்க்கும் வெப்கிட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். கேடிஈ என்ற தன்னார்வலர் கூட்டம் 1998இல் எழுதத் தொடங்கிய கேஎச்டிஎம்எல் எஞ்சினை எடுத்து ஆப்பிள் வெப்கிட் செய்தது, 2003இல் சஃபாரி உலாவி வந்தது. 2008இல் கூகுள் அதை வைத்துக் குரோம் கொண்டுவந்தது. 2013இல் பிரிந்து பிளிங்க் என்று தனிக்குடித்தனம் போனது. மூலநிரல் திறந்துதான் கிடக்கிறது, யாரும் எடுக்கலாம். ஆனால் திறந்து கிடப்பது வேறு, முடிவெடுப்பது வேறு. உலாவியில் நாம் சேர்த்துக்கொள்ளும் குட்டி நிரல்களான நீட்சிகளுக்கான விதியைக் கூகுள் மாற்றியதும், கோடிக்கணக்கானோர் வைத்திருந்த யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் 2024-25இல் குரோமில் வேலை செய்யாமல் போனது. அந்த எஞ்சினை நம்பியிருக்கும் மற்ற உலாவிகள் பழைய விதியைக் காப்பாற்ற நினைத்தால் அந்தச் சுமையைத் தாங்களே சுமக்க வேண்டும். ஃபயர்பாக்ஸில் அது இன்றும் ஓடுகிறது.

மொசில்லா கூகுள் பணத்தில் ஓடுகிறது என்றீர்கள். உண்மை. அவர்கள் வருமானத்தில் பெரும்பகுதி, ஃபயர்பாக்ஸில் கூகுள் தேடலை முதலில் வைப்பதற்கான ஒப்பந்தத்தில் வருவதுதான். 2020 ஆகஸ்டில் சுமார் 250 பேரை வேலையை விட்டு அனுப்பியபோது எனக்கு வயிறு கலங்கியது. அதனால்தான் விடமாட்டேன் என்கிறேன். ஊரில் மலையாளப் பத்திரம் வாசிக்க ஒரே ஆள் இருந்தால், அவர் சொல்வதுதான் எல்லைக்கல். இரண்டாவது ஆள் நோஞ்சானாக இருந்தாலும் இருக்க வேண்டும். 2001இல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தபிறகு அடுத்த பதிப்பு வர 2006 ஆயிற்று. பத்தில் ஒன்பது பேர் அதையே வைத்திருந்ததால் அவசரமும் இல்லை. 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0 வந்து ஆட்கள் நகரத் தொடங்கிய பிறகுதான் அங்கே விளக்கு எரிந்தது.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. 'கொ' என்று நீங்கள் அடிக்கும்போது கணினி சேமிப்பது ககரத்தையும் அதற்குப் பின்னால் ஓர் ஒகரக் குறியையும்தான். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்துப் போடுவது திரையில் வரையும் நேரத்தில் நடக்கிறது. அது பிசகினால் கொம்பு அந்தரத்தில் ஒரு புள்ளிவட்டத்தின் பக்கம் நிற்கும். அந்தக் காலத்தில் அப்படிப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவன் நான். இன்று குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற ஒரே கட்டற்ற நிரல். போட்டிக்காரர்கள் இருவரும் ஒரு கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார்கள், கிணறு யாருடைய பட்டாவிலும் இல்லை. எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

இனி ஸ்டூடியோ. ஜிப்லியைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு திருத்தம். கையால் வரைகிறார்கள், சரிதான். ஆனால் 'பிரின்சஸ் மோனோனோகே' காலத்திலிருந்தே, அதாவது 1997லிருந்து, டூன்ஸ் என்ற இத்தாலிய மென்பொருளையும் பயன்படுத்திவந்தார்கள். 2016இல் அது ஓப்பன்டூன்ஸ் என்று, ஜிப்லி தனக்காகச் சேர்த்துக்கொண்ட வசதிகளோடு, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. ஜிப்லி ஆட்கள் கையில் வைத்திருந்த கருவியை உங்கள் பள்ளிப் பிள்ளை இன்று மாலையே எடுத்துப் பார்க்கலாம். கணினி வாடை இல்லாத ஸ்டூடியோவைவிட இந்த ஜிப்லிதான் எனக்கு நெருக்கம்.

பிக்சாரின் கதை நேர் எதிர்த்திசை. ஸ்டீவ் ஜாப்ஸ் 1986இல் வாங்கியபோது அது ஸ்டூடியோவே இல்லை, கணினி விற்கும் கம்பெனி. கணினி சரியாக விற்கவில்லை. கணினியில் படங்களை உருவாக்க அவர்கள் எழுதிய ரெண்டர்மேன் நிரல் நிலைத்தது, 1995இல் 'டாய் ஸ்டோரி' வந்தது. 2006இல் டிஸ்னி வாங்கியதோடு முடிந்தது என்கிறீர்கள். படங்கள் கூடக்குறைய இருந்திருக்கலாம், எனக்கும் எல்லாம் பிடிக்கவில்லை. ஆனால் டிஸ்னி கைக்குப் போன பிறகுதான், 2016இல், காட்சிகளை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் தங்கள் வடிவமான யூஎஸ்டியை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ட்ரீம்வொர்க்ஸ் ஸ்டூடியோ 2023இல், படங்களை உருவாக்கும் தன் மூன்ரே நிரலைத் திறந்தது. எதிரெதிர்க் கடைக்காரர்கள் தராசைப் பொதுவில் வைத்துக்கொள்வது மாதிரி.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் தொடங்கச் சொல்லுங்கள். அதை வைத்திருந்த நிறுவனம் 2002இல் மூடப்பட்டது, என் எழுத்துரு நிறுவனம் மாதிரியே. ஆனால் அதை உருவாக்கிய டான் ரூசன்டால் விடவில்லை. முதலீட்டாளர்களிடமிருந்து நிரலை மீட்க ஒரு லட்சம் யூரோ வேண்டும் என்று பயனர்களிடம் கையேந்தினார், ஏழே வாரத்தில் சேர்ந்தது. அந்த அக்டோபரிலேயே நிரல் எல்லோருக்கும் பொதுவானது. லாத்வியா என்ற சின்ன நாட்டு இயக்குநர் பிளெண்டரை வைத்துச் செய்த 'ஃப்ளோ' 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. போட்டியில் பிக்சார் படமும் ட்ரீம்வொர்க்ஸ் படமும் இருந்தன. அந்தச் செய்தி வந்த காலை நான் குறுந்தகட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் அக்கா மகள் பத்தாம் வகுப்பு. பிளெண்டர் படிப்பவர்கள் முதலில் ஒரு டோனட் செய்து பழகுவார்கள். இவள் அதை உளுந்தவடை ஆக்கினாள். சர்க்கரைப் பாகு வேண்டாமென்று தூக்கிவிட்டு, மேல்தோலில் மொறுமொறுப்புக்காக மூன்று நாள் மல்லுக்கட்டினாள். ஓட்டையின் உள்விளிம்பு மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்க வேண்டும், எண்ணெய் அங்கே பிந்தித்தான் ஏறும் என்று பாட்டி சொன்னதைக் கேட்டு அதையும் திருத்தினாள். பழைய மடிக்கணினிதான். ஒரு படம் வெளிவரக் காபி குடித்துவிட்டு வரலாம். போதும்.

உங்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது, மலையின் இந்தப் பக்கம் எங்களுக்கு இல்லாதது. கேரளப் பள்ளிகளில், கல்வித் தொழில்நுட்பத்துக்கான அரசின் கைட் நிறுவனம் தருவது லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் கொண்ட கணினி. 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றத்தில் பிள்ளைகளுக்கு அனிமேஷனும் ஒரு பாடம். உங்கள் கணினி அறையைத் திறந்து பாருங்கள், பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

அடுத்த மாதம் புனலூர் ரயிலில் ஒரு நாள் வருகிறேன். அக்கா மகளையும் அழைத்து வருகிறேன், வடைக் கோப்போடு. தாத்தாவின் பத்திரத்தையும் எடுத்து வருவேன். வாசித்துக் கொடுத்த பெரியவர் இப்போது இல்லை. உங்கள் பிள்ளைகளில் ஒருவர் விரலை வரியில் வைத்து வாசிப்பதைக் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அண்ணாச்சி
செங்கோட்டை