நாக்கைக் கட்டத் தெரியாதவளா?

கேள்வி: என் அக்கா மகளுக்கு புலிமியா நெர்வோசா என்று டாக்டர் சொல்கிறார். அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு ரகசியமாக வாந்தி எடுக்கிறாளாம். ஆள் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள். நாக்கைக் கட்டத் தெரியாததற்கெல்லாம் ஒரு நோயா?

பதில்: நாக்கை அளவுக்கு மீறிக் கட்டிய பெண்ணாகத்தான் அவள் இருப்பாள். இந்த நோய் பலருக்கும் பட்டினியில்தான் தொடங்குகிறது. எடையைக் குறைக்க ஒரு வேளையை விடுவார்கள், பிடித்ததையெல்லாம் ஒதுக்குவார்கள். உடம்புக்கு அது பஞ்சம்.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் நல்ல ஆரோக்கியமான 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாகவே ஆகிப்போனார்கள். சோதனை முடிந்து உணவு கிடைத்த பிறகும், வயிறு நிறைந்தும் சிலரால் நிறுத்த முடியவில்லை. இவர்களுக்கும் நாக்கைக் கட்டத் தெரியாது என்பீர்களா?

புலிமியாவில் இதோடு குற்ற உணர்வும் சேர்கிறது. தின்றதை வெளியேற்றத் துடிப்பு, மறுபடி பட்டினி, மறுபடி அடங்காத பசி.

சரி, டயட் இருக்கும் எல்லோருக்கும் ஏன் வருவதில்லை? பரம்பரைக்குப் பங்குண்டு. பதற்றம், மனச்சோர்வு, சிறு வயதில் அனுபவித்த கொடுமை, உடம்பைப் பற்றிய கேலி எல்லாம் ஆபத்தைக் கூட்டும். இதில் கேலி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே, பாசம் என்ற பெயரில் நடக்கிறது. அதுதான் எனக்குக் கோபம். பெரும்பாலும் பதின்வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ வருகிறது, ஆண்களுக்கும் வரும்.

"பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள்" என்கிறீர்களே, ஆபத்தே அங்கேதான். இந்த நோயாளிகளில் பலருக்கு எடை சராசரியாகவோ கூடுதலாகவோதான் இருக்கும். அதனால் வருடக்கணக்கில் யாருக்கும் தெரிவதில்லை. உள்ளே பல் எனாமல் அரிக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், உயிரே போகலாம்.

குணப்படுத்த முடியும். இதற்கென்று வகுத்த பேச்சு சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. சிலருக்கு ஃப்ளுவாக்ஸெடின் மாத்திரையும் உதவுகிறது. நேரத்துக்குச் சாப்பிடப் பழக்குவதும் சிகிச்சைதான். வீட்டில் அவள் உடம்பைப் பற்றி மட்டுமல்ல, யார் உடம்பைப் பற்றியும் பேச்சு வேண்டாம். "இளைச்சு அழகாயிட்டே" என்ற பாராட்டும் வேண்டாம்.

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, வாந்தியில் ரத்தம், வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு, இதில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள்.