‘ஊருக்குத் திரும்பிப் போ’ என்ற சொல்லுக்குப் பிறகு

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடிப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த நான், வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து வாங்கிய கல்விக் கடனில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் படிக்கிறேன். சென்ற குளிர்காலத்தில் பேருந்தில் அம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்தவர், எங்களைப் போன்றவர்களால்தான் வீட்டு வாடகை ஏறிவிட்டது, ஊருக்குத் திரும்பிப் போ என்று சத்தம் போட்டார்; சுற்றி இருந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதன்பின் வெளியில் தமிழ் பேசுவதை விட்டுவிட்டேன். குழம்பு வாசனை யாருக்கும் எட்டக்கூடாதென்று மதியச் சாப்பாட்டை மாடிப்படி ஓரத்தில் சாப்பிடுகிறேன். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளரும் இந்தியர்தான். பல ஆண்டுகளுக்கு முன்பே குடியேறியவர். “புதுசா வர்ற பசங்களாலதான் எங்க பேரும் கெடுது” என்று அவர் சொன்னது இன்னும் வலிக்கிறது. வீட்டாரிடம் எல்லாம் நலம் என்றே சொல்லி வருகிறேன். தூக்கமும் குறைந்துவிட்டது. கல்லூரி ஆலோசகரிடம் போனால் விசாவில் சிக்கல் வருமோ என்று பயம். நான்தான் மனவலிமை இல்லாதவனா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

மனவலிமைக்கும் இதற்கும் தொடர்பில்லை; நீங்கள் போய்ச் சேர்ந்த காலம் அப்படிப்பட்டது. வாடகை உயர்வும் வீட்டுத் தட்டுப்பாடும் அங்கே அரசியல் பிரச்சினையாக முற்றிய நிலையில், 2024 ஜனவரியில் கனடா அரசு வெளிநாட்டு மாணவர்களுக்கான படிப்பு அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்து, அந்த ஆண்டுக்கான புதிய அனுமதிகளை முந்தைய ஆண்டைவிட 35 விழுக்காடு குறைத்து, ஏறத்தாழ 3,60,000 என்று அறிவித்தது. கட்டண வருவாயை நம்பி அளவுக்கு மீறி மாணவர்களைச் சேர்த்தவை கல்லூரிகள். அதற்கு இடம் கொடுத்தவை அரசுகள். ஆனால் கொள்கை வகுத்தவர்கள் அந்தப் பேருந்தில் வருவதில்லை, நீங்கள் வருகிறீர்கள்.

வீட்டுக்காரரின் பேச்சும் இதிலிருந்து கிளைத்ததே. ஒரு சமூகத்தின் மேல் பழி விழும்போது, அதில் முன்பே காலூன்றியவர்கள் ‘நாங்கள் அவர்களைப் போன்றவர்கள் அல்லர்’ என்று விலகி நிற்பது குடியேறிகளிடையே பல நாடுகளில் காணப்படுவதுதான். தன் பெயர் கெட்டுவிடுமோ என்ற அவருடைய அச்சத்தை உங்கள் தகுதியைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. தமிழை அடக்கிக்கொள்வதும் ஒதுங்கி உண்பதும் அந்த நேரத்துக்கு நிம்மதி தரும் என்பது உண்மைதான். ஆனால் அதுவே வழக்கமாகிவிட்டால், ஒளியாமல் இருந்திருந்தால் உண்மையில் என்ன நடந்திருக்கும் என்பதை அறிய வாய்ப்பே இல்லாமல் போய், மனம் எல்லாரையும் அந்தப் பேருந்துக்காரராகவே எண்ணத் தொடங்கிவிடும். உங்களோடு நட்பாகப் பழகக்கூடியவர்களும் மாடிப்படிக்கு வந்து உங்களைத் தேடப்போவதில்லை. எனவே வாரத்தில் ஒரு நாளாவது, நம்பகமான ஒரு வகுப்புத் தோழருடன் உணவுக்கூடத்தில் அமர்ந்து சாப்பிடுங்கள். யாராவது மிரட்டும் தொனியில் பேசினால் ஓட்டுநருக்கு அருகே போய் அமர்வது முன்னெச்சரிக்கைதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வகுப்பிலோ வேலையிடத்திலோ நடந்தால் தேதியோடு குறித்து வைத்து, கல்லூரியின் மனித உரிமைப் பிரிவிடமோ மேலாளரிடமோ எழுத்துமூலம் முறையிடுங்கள்.

விசா பற்றிய பயம் வெளிநாட்டு மாணவர் பலருக்கு உண்டு. கல்லூரி ஆலோசகரிடம் நீங்கள் பேசுவது குடிவரவுத் துறைக்குப் போவதில்லை; உயிருக்கு உடனடி ஆபத்து போன்ற, சட்டம் வரையறுத்த சில சூழல்களில் மட்டுமே ரகசியம் தளர்த்தப்படும். ‘நான் சொல்வதில் எதை, யாரிடம் பகிர்வீர்கள்?’ என்று முதல் சந்திப்பிலேயே அவரைக் கேட்கலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், ஒன்டாரியோவின் உயர்கல்வி மாணவர்களுக்கென இயங்கும் ‘குட் டு டாக்’ என்ற இலவசத் தொலைபேசி உதவியில் பெயர் சொல்லாமலே பேசலாம்.

அம்மாவிடம் பேருந்துச் சம்பவத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை. “சரியாத் தூக்கம் இல்லம்மா, இங்க ஒருத்தரைப் பார்க்கப் போறேன்” என்று சொன்னால் இப்போதைக்குப் போதும்; தினமும் நலமாக இருப்பதுபோல் நடிக்கும் சுமையாவது குறையும்.

வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது தலைதூக்கினால் மட்டும், சந்திப்பு நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கனடா முழுவதும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பேச முடியாவிட்டால் அதே எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.