டிவிசன் எறங்கினா டிக்கெட்டையும் எறக்கணுமா?

அண்ணே, உங்க ஃபுட்பால் டீம் பி டிவிசனுக்கு எறங்கிட்டு, 50 ரூவா டிக்கெட்டை 20 ஆக்கினாதான் ஆள் வரும்னு கமிட்டில சண்டைன்னு போட்டிருந்தீங்கல்லா, அவசரப்படாதீங்க. இங்கிலாந்துல நியூகேசில் கிளப் 2016ல மொத டிவிசனான பிரீமியர் லீக்ல இருந்து எறங்குச்சு, அடுத்த சீசன் கூட்டம் கொறையவே இல்ல, சராசரி 51,000க்கு மேல, ஏன்னா நெறைய ஜெயிச்சாங்க. அங்கயே சண்டர்லேண்ட் கிளப் 2018 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மூணாவது டிவிசன்லயே 46,000 பேரை வரவச்சுது!

ரேட்டு வேற கத. அங்க ரெண்டாவது டிவிசனான சாம்பியன்ஷிப்புக்கு எறங்கினா ஹோம் மேட்ச் 19ல இருந்து 23 ஆவும், சீசன் டிக்கெட் அதே வெலைன்னாலும் மேட்சுக்கு கணக்கு போட்டா கம்மிதான். டிவி காசும் அடிவாங்கும், அதனால கேட்ல வர்ற டிக்கெட் காசை சும்மா விடமாட்டாங்க.

நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கம் கூட்டத்துக்கு டிவிசனை விட, கடலுக்கு போன மீன்புடி போட்டு (படகு) கரைக்கு வர்ற நாள்தான் முக்கியம். எங்க ஊர்ல ஒருக்கா டிக்கெட்டை பாதியாக்கினோம், மதில் மேலயும் தெங்கு மேலயும் இருந்தவன் ஒருத்தனும் எறங்கி வரல, எப்பவும் காசு குடுக்கவன்தான் பாதி குடுத்தான், எங்களுக்கு பந்து வாங்கவே காணல.

50ஐ தொடாதீங்க. எல்லா மேட்சுக்கும் சேத்து ஒரு கார்டு கொறஞ்ச வெலைக்கு போடுங்க, பிள்ளேளுக்கு ஃப்ரீ. பக்கத்து ஊர்க்காரங்கூட உள்ள மேட்ச், படகு கரைக்கு வந்த வாரத்துல வருதான்னு மொதல்ல பாருங்க.