லோங்ஆர்ம் மெஷினுக்கு முதலில் எதை வாங்குவது?

வணக்கம் அக்கா,

ஹட்டனுக்குப் பக்கத்தில் தோட்ட லயத்தில் இருக்கிறேன். கார்மென்டில் ஜூக்கி தையல் மெஷினில் வேலை செய்த பழக்கம் உண்டு. கனடாவில் இருக்கும் சித்தி, தான் பாவித்த லோங்ஆர்ம் குவில்ட் மெஷினையும் (அடுக்குத் துணிப் போர்வை தைக்கும் நீண்ட கை மெஷின்) துணியை விரித்துக் கட்டும் 10 அடி பிரேமையும் அனுப்பியிருக்கிறார். மெஷினின் கைநீளம் 16 அங்குலம். கூடவே, வாங்க வேண்டிய சாமான்கள் என்று ஒரு பட்டியலும் வந்திருக்கிறது: ரூலர் மட்டும் பன்னிரண்டு, லேசர் லைட், பெட்டர்ன் போர்ட், டென்ஷன் கேஜ், ஊசி, நூல் என்று நீளுகிறது. எல்லாவற்றையும் வாங்க வசதியில்லை. எதை முதலில் வாங்கலாம்? இங்கேயே கிடைப்பது எது?

ம., ஹட்டன்

அன்புள்ள தங்கைக்கு,

பட்டியலில் பாதியை இப்போதே வெட்டிவிடலாம். லேசர் லைட், பெட்டர்ன் போர்ட், வட்ட ரூலர், வளைவு ரூலர் எதுவும் முதல் சில குவில்ட்டுகளுக்குத் தேவைப்படாது. புதிதாகத் தைப்பவரை மறித்து உட்காரவைப்பது பிரேமின் மட்டம், ஊசி, நூல், டென்ஷன் (நூலின் இறுக்கம்) ஆகியவைதான். கையிலிருக்கும் காசை அங்கே போடுங்கள்.

அதற்கும் முன்னால் கரண்ட் விஷயம். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. மெஷினில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 100–240 என்று இருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். 120 மட்டும் இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போர்மர் இல்லாமல் சுவிட்ச் போடவே வேண்டாம். தகட்டிலுள்ள அம்பியரை 120ஆல் பெருக்கினால் வாட் வரும். அதைப்போல இரண்டு மடங்கு தாங்கும் டிரான்ஸ்போர்மராக வாங்குங்கள். 3 அம்பியர் என்றால் 360 வாட், ஆகவே 750 வாட் டிரான்ஸ்போர்மர். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி இடிக்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

லயத்துக் காம்பரா 10க்கு 12 அடிதான். அதற்குள் 10 அடி பிரேமைப் போட்டால் நீங்கள் நடக்க இடமிருக்காது. பல பிரேம்களின் தண்டவாளமும் உருளையும் துண்டுகளாக இணைபவை, ஆகவே நீளத்தைக் குறைத்துப் பூட்ட முடியுமா என்று சித்தியிடம் கேளுங்கள். பூட்டியபின் மேசனிடம் இருக்கும் நீண்ட மட்டப்பலகையை வாங்கி நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். மட்டம் சரியில்லையென்றால் கையை எடுத்ததும் மெஷின் தானாக ஒரு பக்கம் உருளும். நேர்கோடு தைக்கும்போது அந்தப் பக்கமே இழுக்கும். பழைய வீட்டுத் தரை சமமாக இருக்காது. கால்களில் உள்ள திருகாணியைத் திருப்பியே சரிசெய்யுங்கள். கார்ட்போட் மடித்து வைத்தால் மெஷின் அதிர்வில் அமுங்கிவிடும்.

இனி ஊசி. கார்மென்ட் பழக்கம் உங்களுக்கு உதவுவதும் இங்கேதான், இடறுவதும் இங்கேதான். ஒற்றை ஊசி ஜூக்கியில் போடுவது DBx1. லோங்ஆர்மில் பெரும்பாலும் போடுவது 134 வகை; புறக்கோட்டை ஊசிக் கடையில் DPx5 என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள். DBx1இன் தண்டு சுமார் 1.6 மி.மீ., DPx5இன் தண்டு 2 மி.மீ. மெல்லியதைப் பூட்டினாலும் திருகு பிடித்துக்கொள்ளும், ஆனால் ஊசி நடுவில் நிற்காது. ஹூக்கின் (ஊசியிலிருந்து மேல் நூலைப் பிடிக்கும் கொக்கி) முனை நூலைத் தவறவிடும், தையல் விட்டுவிட்டு விழும், சில சமயம் ஊசியே ஹூக்கில் மோதும். அதனால் இப்போது மெஷினில் இருக்கும் ஊசியை எறியாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். 134 எம்ஆர் என்ற வகை கிடைத்தால் அதுவே மேல். மெஷின் நாலு பக்கமும் ஓடும்போது வளையாதபடி செய்யப்பட்டது அது. அதில் 3.5 என்பது நம் கணக்கில் 100/16. தொடக்கத்துக்கு அந்த அளவே போதும். 4.0, அதாவது 110/18, தடித்த துணிக்கு.

தண்டு உருண்டை என்பதால் ஊசி எப்படியும் திரும்பி நிற்கும். நீண்ட பள்ளம் உங்கள் பக்கம், சிறு வெட்டு ஹூக்கின் பக்கம். காதுக்குள் குண்டூசி ஒன்றைச் செருகினால், கொஞ்சம் திரும்பியிருந்தாலும் தெரிந்துவிடும். குவில்ட் ஒன்றுக்கு ஊசி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டி ஊசியின் விலை, அறுந்த நூலைப் பிரித்தெடுக்கப் போகும் நேரத்தைவிடக் குறைவு.

கீழ் நூல் சுற்றும் பொபினையும் அப்படியே பார்த்து வாங்குங்கள். ஜூக்கி பொபின் சுமார் 21 மி.மீ. குறுக்களவு, லோங்ஆர்ம்களில் அதிகம் காணப்படும் எம் வகை சுமார் 25 மி.மீ. சீட் கவர், தோல் தைக்கும் பெரிய மெஷின்களிலும் எம் வகை வருவதுண்டு, ஆகவே அந்தப் பாகங்கள் விற்கும் கடையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்துப் பதினைந்தாவது வேண்டும். விளிம்பு நெளிந்ததை எறிந்துவிடுங்கள், அதனால் டென்ஷன் கூடிக் குறையும்.

டென்ஷனை எப்போதும் பொபின் கேஸிலிருந்து தொடங்குங்கள். கேஸை உள்ளங்கையில் வைத்து நூலைத் தூக்கினால் கேஸ் எழுந்து நிற்க வேண்டும், கையைவிட்டு எழும்பக் கூடாது. திருகைக் கொஞ்சங்கொஞ்சமாக, கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் அளவுக்கே திருப்புங்கள். டோவா கேஜ் (பொபின் டென்ஷனை அளக்கும் கருவி) வாங்க முடிந்தால் வாங்குங்கள். பட்டியலில் இருக்கும் ஆடம்பரச் சாமான்களில் காசு பெறுமதியானது அது ஒன்றுதான். பொலியெஸ்டர் நூலுக்கு 200ஐ ஒட்டி வைத்து ஆரம்பியுங்கள். எம் பொபினுக்கான கேஜா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அதன் பிறகு மேல் டென்ஷன். குவில்ட்டின் ஓரத்தில் மீந்திருக்கும் துணியில் நாலு திசையிலும் தைத்து, ஒரு வட்டமும் போடுங்கள். நேர்கோடு அழகாக வந்து வட்டத்தில் மட்டும் அடிப்பக்கம் இமைமயிர் மாதிரி நூல் நீட்டிக்கொண்டிருந்தால் மேல் நூல் தளர்ந்திருக்கிறது. மேலே பொபின் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் நூல் இறுகியிருக்கிறது. கார்மென்டில் துணி ஒரே திசையில் போனது; இங்கே துணி நிற்க, மெஷின் எல்லாத் திசையிலும் ஓடுகிறது. நேர்கோட்டை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள்.

துணியைத் தப்பு மேளத்தைக் காய்ச்சி இறுக்கியதுபோல் இழுத்துக் கட்டக் கூடாது. இறுகிய துணியில் ஊசி வளையும், தையல் தவறும். கீழிருந்து விரலால் தள்ளினால் அந்த விரல் நுனியை மேலிருந்து பிடிக்க முடிய வேண்டும். அடித்துணியும் நடுவில் வைக்கும் பஞ்சு வாடிங்கும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும், இல்லையென்றால் பக்கக் கிளிப்பில் ஹொப்பிங் ஃபூட் (ஊசியோடு துள்ளும் பாதம்) இடிக்கும்.

நூலுக்கு வெளிநாட்டுக் கோன் தேவையில்லை. கார்மென்ட் நூல் விற்கும் இடத்தில் டிக்கெட் 120 கோர்ஸ்பன் பொலியெஸ்டர் கேளுங்கள். சாதாரண ஸ்பன் நூல் மலிவு, ஆனால் ஹூக்குக்குள் பஞ்சு சேரும். எந்த நூலானாலும் பொபின் மாற்றும்போதெல்லாம் சிறு தூரிகையால் துடைத்து, ஹூக்கில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். ஊதித் தள்ளினால் பஞ்சு உள்ளேதான் போகும்.

ரூலரில் ஒன்றே போதும்: கால் அங்குலத் தடிப்புள்ள நேர் ரூலர். துணி வெட்டும் 3 மி.மீ. ரூலரைப் பாவிக்கவே கூடாது. பாதம் துள்ளும்போது அது அடியில் நுழைந்துவிடும், ஊசி அதில் குத்தி உடையும், ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் டைமிங்கும் போகலாம். பெயர்ப்பலகைக் கடையில் 6 மி.மீ. அக்ரிலிக்கை 10 அங்குலத்துக்கு 2½ அங்குலமாக வெட்டி, விளிம்பை மழமழப்பாக்கித் தரச் சொல்லலாம். அடியில் மெல்லிய உப்புத்தாள் துண்டு ஒட்டினால் வழுக்காது. பாதத்தின் விட்டம் வழக்கமாக அரை அங்குலம், ஆகவே தையல் ரூலரிலிருந்து கால் அங்குலம் தள்ளி விழும். ரூலரைத் தாங்கும் பேஸ் மட்டும் உங்கள் மெஷினுக்கென்றே உள்ளதாக இருக்க வேண்டும். அதைச் சித்தியிடம் கேளுங்கள், பெட்டியில் இல்லையென்றால் அனுப்பச் சொல்லுங்கள்.

வைகாசி பிறந்தால் உங்கள் பக்கம் மழையும் மூடுபனியும் விடாது. மெஷினைப் பொலித்தீனால் மூடினால் உள்ளே ஈரம் தங்கி ஹூக் துருப்பிடிக்கும். பருத்தித் துணியால் மூடுங்கள். வாடிங் உருளையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள், பூஞ்சணம் பிடித்தால் மணம் போகாது.

கோடு போட வெள்ளைச் சோக் போதும். தானாக மறையும் ஊதாப் பேனை நம் ஈரக் காற்றில் தைத்து முடியுமுன்னே மறைந்துவிடும். அயன் சூட்டில் மறையும் பேனையில் வேறு சிக்கல் இருக்கிறது: மறைந்த மை கடுங்குளிரில், பூச்சியத்துக்குக் கீழே 10, 20 பாகையில், திரும்பத் தெரியும். நுவரெலியாத் துகள்பனிக்கு அது வராது. ஆனால் சித்திக்கு மார்கழியில் குவில்ட் அனுப்பி, பார்சல் ஒரு இரவு வெளியே கிடந்தால் அத்தனை கோடும் வந்து நிற்கும். கனடாவுக்குப் போகிற வேலைக்கு அந்தப் பேனையைத் தொடாதீர்கள்.