தூர் நகரைச் சுற்றி அமைதியாகச் சைக்கிள் ஓட்ட எங்கே போகலாம்?

தம்பி, கோவையிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்காகப் பிரான்சில் உள்ள தூர் நகரத்துக்கு வந்திருப்பதாகவும், பழைய ரோடு பைக் ஒன்றை வாங்கியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். லாரித் தொல்லை இல்லாத, ஏற்றம் அதிகம் இல்லாத கிராமத்துச் சாலை எந்தப் பக்கம், தனியாகப் போகலாமா, நாய் துரத்துமா என்று மூன்று கேள்வி. நான் காரைக்கால்காரி. கல்யாணமாகிப் பாரீஸ் புறநகரில் சில வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து நிலைத்தவள். பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு போன பிறகுதான் சைக்கிளைக் கையில் எடுத்தேன். அதனால் என் யோசனையெல்லாம் நிதானமாக மிதிக்கிறவர்களுக்கானது. பந்தய வேகம் வேண்டுமென்றால் உள்ளூர் கிளப்பில் சேர்ந்துவிடுங்கள். ஞாயிறு காலையில் கூட்டமாகப் போவார்கள், புதியவரையும் சேர்த்துக்கொள்வார்கள்.

இங்கே யாரைக் கேட்டாலும் முதலில் ‘லுவார் அ வேலோ’ என்றுதான் சொல்வார்கள். நெவேர் பக்கம் குஃபி என்ற ஊரில் தொடங்கி, அட்லாண்டிக் கரையில் சேன்-ப்ரெவேன் வரைக்கும் லுவார் ஆற்றை ஒட்டி ஓடும் சுமார் 900 கிலோமீட்டர் சைக்கிள் தடம் அது. தூர் வழியாகத்தான் போகிறது. திருப்பத்துக்குத் திருப்பம் பலகை இருக்கும், பெரும்பாலும் சமதரை. பழகிக்கொள்ள நல்ல இடம், மறுக்கவில்லை. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் ஒரு விடுமுறை நாளில் போய்ப் பாருங்கள். பின்னால் சின்ன வண்டியை மாட்டிக் குழந்தையை இழுத்துப் போகும் குடும்பங்கள், இரண்டு பக்கமும் பைகளைத் தொங்கவிட்ட வெளிநாட்டுப் பயணிகள், மின்சார சைக்கிளில் வரிசை கட்டி வரும் பெரியவர்கள் என்று மணியடித்தே கை ஓய்ந்துவிடும். போதாததற்கு அங்கங்கே சரளைத் தரை. மெல்லிய டயர் என்றால் முதுகெலும்பு வரை தெரியும். உங்கள் வண்டியில் 28 மில்லிமீட்டர் டயர் பொருந்துமா என்று கடையில் காட்டிக் கேளுங்கள். பொருந்தினால் மாற்றிவிடுங்கள்.

உண்மையான அமைதி இருப்பது அந்தத் தடத்தில் இல்லை, அதற்குப் பக்கத்தில் கிளை பிரிந்து போகும் சின்னச் சின்ன ஊராட்சிச் சாலைகளில்தான். அதைக் கண்டுபிடிக்க மிஷ்லேன் நிறுவனத்தின் காகித வரைபடம் ஒன்று போதும், நம் மாவட்டத்துக்கு உள்ளது. அதில் சிவப்புக் கோடு பெருஞ்சாலை, மஞ்சள் கோடு நடுத்தரம், வெள்ளைக் கோடு சிறுசாலை. வெள்ளையைப் பிடித்துப் போங்கள். அவசியமான இடத்தில் மட்டும் மஞ்சளில் இரண்டு மூன்று கிலோமீட்டர். கோட்டின் மேல் சின்ன அம்புக்குறி தெரிந்தால் அங்கே ஏற்றம் என்று அர்த்தம். ஒற்றை அம்பு என்றால் 5 முதல் 9 சதவீதம், இரட்டை என்றால் அதற்கும் மேல். கைப்பேசி வரைபடம் வழி சொல்லும்தான், ஆனால் சைக்கிள் வழி கேட்டால் சில சமயம் திராட்சைத் தோட்டத்து மண்பாதையில் கொண்டுபோய் நிறுத்திவிடும். எந்தச் சாலை பரபரப்பு, எது வெறிச்சோடிக் கிடக்கும் என்பதை ஒரே பார்வையில் காட்டுவது காகிதம்தான்.

சாலை எண்ணை வைத்தும் ஓரளவு சொல்லலாம். ‘டி’ என்று தொடங்குவது மாவட்டச் சாலை. கிலோமீட்டர் கல்லின் தலையில் மஞ்சள் பூசியிருக்கும். எல்லா ‘டி’யும் சாது என்று நம்பிவிடாதீர்கள். 2006 வாக்கில் பழைய தேசியச் சாலைகள் பலவற்றை மாவட்டங்களிடம் ஒப்படைத்து எண்ணை மாற்றினார்கள். பழைய ‘என் 10’ இன்று டி 910, பழைய ‘என் 152’ இன்று டி 952. பெயர் மாறியதே தவிர லாரி குறையவில்லை. லுவாரின் வடகரையில் ஆற்றங்கரை மேட்டின் மேலேயே ஓடும் அந்த டி 952 படத்தில் பார்க்க அழகாக இருக்கும், ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு லாரியும் காதோரம் உரசிப் போகிற மாதிரி இருக்கும். ஷினோன் போகும் டி 751-உம் அப்படித்தான். இரண்டையும் குறுக்கே கடக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒரு சுற்று சொல்கிறேன். தூரிலிருந்து ஷேர் ஆற்றங்கரை வழியே சவொன்னியேர், அங்கிருந்து விலாந்திரி. மொத்தம் 20 கிலோமீட்டருக்குள். பெரிய தடத்தில்தான் போகிறீர்கள், ஊரை விட்டு வெளியேற அதைவிட நல்ல வழி கிடையாது. விலாந்திரியில் கோட்டைத் தோட்டம் புகழ்பெற்றது, அதற்கு வேறொரு நாள் வீட்டாரோடு போகலாம். அதைத் தாண்டியதும் ஷேர் போய் லுவாரில் கலக்கும், நீங்கள் தென்கரை மேட்டுச் சாலையில் ஏறிவிடுவீர்கள். இங்கிருந்து பிரேயமோன் வரைக்கும் உள்ள பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வலப்பக்கம் ஆறு. கோடையில் தண்ணீர் வற்றி மணல் திட்டுத் திட்டாகத் தெரியும். இடப்பக்கம் வீடுகளும் வயல்களும் சாலையைவிடத் தாழ்வாக இருக்கும். காவிரிப் படுகையில் ஆற்றங்கரை மேட்டில் சைக்கிள் விட்டவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபட்டுவிடும். கார் எப்போதாவது ஒன்று வரும். பிரேயமோன் ஒரு காலத்தில் சணல் ஊர். ஆற்றில் ஊறப்போட்ட சணலை உலர்த்திய பழைய சூளைகள் இன்னும் நிற்கின்றன, புகைபோக்கி வைத்த சின்னக் கல் கட்டடங்கள். விசாரித்தால் காட்டுவார்கள்.

அங்கிருந்து ஆற்றை விட்டுத் தெற்கே திரும்பினால் ரிவாரென். பேரிக்காயைத் தோல் சீவி, அடுப்பில் நாட்கணக்கில் உலர்த்தி, தட்டித் தட்டையாக்கி வைக்கிற ஊர் அது. சைக்கிள் பையில் போட்டுக்கொள்ள அருமையான தீனி. பிறகு ஆந்த்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்துக் கிழக்கே அஸே-லெ-ரிதோ, சஷே, போன்-த-ருவான், ஆர்தான். ஆற்றின் இரண்டு கரையிலும் சிறுசாலை உண்டு, எதில் வேண்டுமானாலும் போகலாம். சஷே கோட்டையில்தான் எழுத்தாளர் பால்சாக் வந்து தங்கி எழுதுவார். அமெரிக்கச் சிற்பி கால்டர் பிற்காலத்தில் அதே ஊரில் பட்டறை வைத்திருந்தார். ஊர்ச் சதுக்கத்தில் அவருடைய இரும்புச் சிற்பம் ஒன்று நிற்கிறது, காற்றடித்தால் மேல்பாகம் மெல்லச் சுழலும். போன்-த-ருவானில் பாலத்தின் மேல் நின்று பழைய நீர்ச் சக்கர ஆலைகளைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஆர்தான் தாண்டிப் பள்ளத்தாக்கிலிருந்து மேட்டு நிலத்துக்கு ஒரு சின்ன ஏற்றம் வரும், அம்பது மீட்டர் உயரம்கூட இருக்காது. அப்புறம் பாலான், ழுவே வழியாக வீடு. மொத்தம் 80 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். களைத்துப்போனால் அஸேயில் ரயில் நிலையம் இருக்கிறது.

கூடை பின்னுகிற விலேன்-லே-ரொஷே கிராமம் அஸேக்குத் தெற்கே கொஞ்ச தூரம்தான். 1849-இல் தொடங்கிய கூடை முடைவோர் கூட்டுறவுச் சங்கம் இன்னும் அங்கே நடக்கிறது. நேரமிருந்தால் ஒரு நடை.

இந்தச் சுற்றை நான் சொன்ன திசையிலேயே போங்கள். இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, கடல் பக்கமிருந்து அடிக்கும். தெம்பு இருக்கும்போது எதிர்காற்றைச் சமாளித்துவிட்டால், களைத்த நேரத்தில் அதுவே பின்னாலிருந்து தள்ளும். இன்னும் சுகமாகப் போக ஒரு வழி: சைக்கிளோடு டி.இ.ஆர். என்ற உள்ளூர் ரயிலில் ஷினோன் போய் இறங்கி, ஊர் எல்லையில் உள்ள மேட்டை ஏறி, உய்ம், உஸ்ஸே, பிரேயமோன் என்று காற்றோடு திரும்பி வாருங்கள். உள்ளூர் ரயிலில் சைக்கிளுக்குப் பொதுவாகக் காசு இல்லை. கோடையில் மட்டும் சில ரயில்களில் சைக்கிளுக்கும் முன்பதிவு கேட்பார்கள், முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஆபத்து லாரியால் அல்ல, வெறும் சாலையால்தான். வண்டியே இல்லாத இடத்தில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறும்போது, கால் தானாக இடப்பக்கம் போகும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வலது, வலது என்று சொல்லிக்கொள்ளுங்கள். அடுத்தது வலப்பக்க முன்னுரிமை. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் உங்கள் வலப்பக்கத்துச் சந்திலிருந்து வருகிறவருக்குத்தான் வழி. அது ஒரு முட்டுச்சந்தாக இருந்தாலும், நீங்கள் ஊரின் முக்கியச் சாலையில் போனாலும் அதே சட்டம். உள்ளூர்க் கிழவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் காரை வெளியே எடுப்பார், சட்டம் அவர் பக்கம். கிராமத்துக்குள் நுழைந்ததும் பிரேக்கில் விரல் இருக்கட்டும். உங்களைத் தாண்டிப் போகும் கார் ஊருக்குள் ஒரு மீட்டர், வெளியே ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும், பெரும்பாலும் விடுகிறார்கள். காதில் பாட்டுக் கருவி கூடாது, பிடித்தால் 135 யூரோ. மணி, விளக்கு கட்டாயம். இருட்டிலோ பனிமூட்டத்திலோ ஊருக்கு வெளியே போனால் ஒளிரும் மேலங்கியும் கட்டாயம். பெரியவர்களுக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் போடாமல் போகாதீர்கள்.

தண்ணீருக்கு ஒரு வழி சொல்கிறேன், முகம் சுளிக்கக் கூடாது: கல்லறைத் தோட்டம். ஏறக்குறைய எல்லாக் கிராமத்திலும் அங்கே ஒரு குழாய் இருக்கும், பூச்செடிக்கு ஊற்றுவதற்காக. ‘நோன் பொத்தாபில்’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். எனக்கும் முதலில் என்னவோ போலத்தான் இருந்தது, ஒரு கோடை கழிந்ததும் பழகிவிட்டது. சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள். மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை, மூன்று வரை கடை சாத்தியிருக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒன்றும் கிடைக்காது. பல ஊர்களில் ரொட்டிக் கடைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. நான் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போகிற ஆள். வழியில் வாங்குவதென்றால் செந்த்-மோர் ஆட்டுப்பால் சீஸ், நீள உருளையாக நடுவில் ஒரு வைக்கோல் குச்சியோடு வரும். குச்சியை உருவிவிட்டு ரொட்டியில் வைத்துச் சாப்பிடுங்கள். 

தனியாகப் போகலாமா? தாராளமாக. நான் போகிறேன். எதிரே வருகிறவருக்கு ஒரு ‘போன்ழூர்’ சொல்லுங்கள், அது இங்கே மரியாதை மட்டுமல்ல, அறிமுகமும்கூட. மாற்று டியூபும் பம்பும் இல்லாமல் கிளம்ப வேண்டாம், சின்ன ஊர்களில் பஞ்சர் கடை என்று எதுவும் கிடையாது. செப்டம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய வேட்டைக் காலம். காட்டோரத்தில் ‘ஷாஸ் ஆன் கூர்’ என்ற பலகையும் ஆரஞ்சுத் தொப்பிக்காரர்களும் தென்பட்டால் தார்ச் சாலையை விட்டு இறங்காதீர்கள், பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள். அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை காட்டுப் பக்கமே வேண்டாம், ஆற்றங்கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாய்க்கு வருகிறேன். தெருநாய் என்ற ஒன்று இங்கே இல்லை. பண்ணை நாய் மட்டும் வேலிக்கு உள்ளே உங்களோடு கூடவே ஓடிவந்து குரைக்கும், வேலி முடிகிற இடத்தில் அதுவே நின்றுவிடும். சில பண்ணையில் வாசல் கதவு திறந்து கிடக்கலாம். அப்போது வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடந்து போங்கள், வீட்டுக்காரரே வெளியே வந்து கூப்பிட்டுக்கொள்வார்.