கடலோர வீட்டில் விடியற்காலையில் விழும் ஆர்.சி.சி.பி.: கழற்றிவிடலாமா?

கேள்வி: மண்டபம் அருகே, கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர் தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. சில மாதங்களாக விடியற்காலையில் ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் தானாக விழுந்துவிடுகிறது. பத்து மணிக்கு மேல் தூக்கிவிட்டால் நிற்கிறது. வயரிங் செய்தவர், “கடலோரத்தில் இது சரிப்படாது, கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம்” என்கிறார். தண்ணீர் மோட்டாரைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது, ஆனால் அப்போது ஆர்.சி.சி.பி. விழுவதில்லை. இந்த ஆண்டு மாடியில் சோலார் போடலாம் என்று நினைத்தோம். இரண்டு மாதத்துக்குச் சுமார் 400 யூனிட் செலவாகிறது. மின்வெட்டின்போது சோலாரில் வீடு ஓடுமா? சிறிய காற்றாலை இன்னும் நல்லதா?

பதில்: முதலில் மோட்டார். இதைப் படித்து முடிக்கும் முன்பே அதன் சுவிட்சை அணைத்து, பியூஸ் கேரியரையும் பிடுங்கி வைத்துவிடுங்கள். சரிபார்க்கும் வரை யாரும் அதைத் தொட வேண்டாம். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றக் கூடாது. சோலார் போடலாம், ஆனால் அது கடைசி வேலை. வீட்டுக்குள் வரும் மின்சாரம் ஒழுங்காகத் திரும்பிப் போகிறதா என்று பார்க்காமல், மாடியில் இன்னொரு மின்நிலையம் வைப்பதில் பொருளில்லை.

“திரும்பிப் போவது” என்று ஏன் சொல்கிறேன்? மின்சாரம் நம் வீட்டுக்கு வந்து தீர்ந்துபோகும் பொருளன்று. டிரான்ஸ்பார்மரிலிருந்து பேஸ் கம்பி வழியாக வந்து, விளக்கையோ விசிறியையோ கடந்து, நியூட்ரல் வழியாக அதே டிரான்ஸ்பார்மருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் சுற்று முழுமையாகும். மாறுமின்னோட்டம் என்பதால் நொடிக்கு 50 முறை இந்த ஓட்டம் முன்னும் பின்னும் மாறிக்கொண்டிருக்கும். ஆனாலும் எந்தக் கணத்தில் அளந்தாலும் பேஸில் ஓடும் அளவும் நியூட்ரலில் ஓடும் அளவும் சமமாக இருக்க வேண்டும்.

ஆர்.சி.சி.பி. பார்ப்பது இந்த ஒன்றைத்தான். டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போன விசைப்படகுகள் எல்லாம் கரைக்குத் திரும்பினவா என்று எண்ணிப் பார்க்கும் அதிகாரியைப் போல, போனதையும் வந்ததையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீட்டில் பொருத்தும் கருவிக்கு 30 மில்லி ஆம்பியர் என்பது எல்லை. அந்த அளவு வேறு வழியில் போய்விட்டால் சுற்றைத் துண்டித்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் பொருத்தியிருக்கும் எம்.சி.பி. சுவிட்சுக்கு இந்த வேலை தெரியாது. கம்பி தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் ஓடினால்தான் அது விழும். நனைந்த உடலின் மின்தடை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் 0.23 ஆம்பியர் ஓடும். ஆளைக் கொல்ல அது தாராளமாகப் போதும், 16 ஆம்பியர் எம்.சி.பி.யோ அசையக்கூட அசையாது. ஒன்றைக் கழற்றிவிட்டு “அதுதான் எம்.சி.பி. இருக்கிறதே” என்று இன்னொன்றை நம்புவது எவ்வளவு தவறு என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

இனி, ஏன் விடியற்காலையில் மட்டும்? உங்கள் கடிதத்தில் மிகவும் பயனுள்ள தகவல் இதுதான். மேற்கிலிருந்து கச்சான் அடித்தாலும் வடக்கிலிருந்து வாடை அடித்தாலும் உங்கள் பக்கத்தில் காற்றோடு உப்பும் வருகிறது. அது சுவிட்ச் பெட்டிக்குள், பிளக் துளைகளில், கம்பி இணைப்புகளின் மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கும் முன்பே ஈரம் பிடித்துவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியில் நடப்பதும் இதேதான். விடியற்காலையில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கிறது. உப்புப் படலம் உப்புநீராகிறது. பேஸிலிருந்து ஈரச் சுவருக்கோ எர்த் கம்பிக்கோ ஒரு கள்ளப்பாதை திறக்கிறது. வெயில் ஏறியதும் படலம் காய்ந்து பாதை மூடிக்கொள்கிறது. பத்து மணிக்கு மேல் நிற்பதன் காரணம் அதுதான். கருவி பழுதாகவில்லை, தன் வேலையைச் சரியாகவே செய்கிறது.

கசிவு ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வெளித்திண்ணை விளக்கில் 6, மொட்டைமாடி பிளக்கில் 8, குளியலறை ஹீட்டரில் 7 என்று மில்லி ஆம்பியர்கள் கூடிக்கொண்டே போகும். ஆர்.சி.சி.பி. சரியாக 30-இல்தான் விழும் என்றும் இல்லை. 15-ஐத் தாண்டிய பிறகு எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்பதே விதி. எனவே ஆளைத் தேடுவதுபோல் தேட வேண்டியிருக்கும். மறுமுறை விழும்போது, விழுந்த அந்த ஈர நேரத்திலேயே, எல்லா பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு எம்.சி.பி.களை அணைத்து, ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். பிறகு ஒவ்வொரு எம்.சி.பி.யாகப் போட்டு வாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் கசிவு. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் நிற்கவில்லை என்றால், எங்கோ நியூட்ரல் கம்பி எர்த்தைத் தொடுகிறது என்று சந்தேகப்படலாம். ஒற்றைத் துருவ எம்.சி.பி. பேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரலை விட்டுவிடும். இதற்கு மேல் எலக்ட்ரீஷியனின் வேலை. மெகர் கருவி கொண்டு 500 வோல்ட்டில் ஒவ்வொரு சுற்றின் காப்புத்தடையையும் அளக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்தக் கம்பியையோ பெட்டியையோ மாற்ற வேண்டும். மத்தியான வெயிலில் வந்து அளந்துவிட்டு “எல்லாம் சரியாக இருக்கிறது” என்று சொல்பவரை நம்பாதீர்கள்; காலை ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள்.

வெளிப்புறப் பெட்டிகளை ரப்பர் வளையத்துடன் மூடும் பிளாஸ்டிக் வகைக்கு மாற்றுங்கள், கம்பி கீழ்ப்புறமிருந்து நுழையட்டும். வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. என்பதை விட்டு, உள்ளே ஒன்று, வெளிவிளக்கும் மாடியும் சேர்ந்து ஒன்று என்று பிரித்துவிட்டால் சிறுகசிவுகள் கூடி ஒன்றாக விழுவது குறையும். 30-க்குப் பதிலாக 100 மில்லி ஆம்பியர் போட்டுத் தொல்லையைத் தீர்க்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். அது தீப்பிடிப்பதைத் தடுக்க உதவலாம், மனிதரைக் காக்க உதவாது.

மோட்டார் விஷயம் இன்னும் கவலையானது. தொட்டால் சுருக்கென்கிறது, ஆனால் ஆர்.சி.சி.பி. விழவில்லை என்றால் இரண்டு காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன. ஒன்று, மோட்டார் இணைப்பை ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்தே எடுத்திருப்பார்கள். இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஆர்.சி.சி.பி. விழுந்த நிலையில், மோட்டாருக்குப் போகும் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்த்தால் போதும். இரண்டாவது, மோட்டாரின் எர்த் கம்பி அறுந்தோ அரித்தோ போயிருக்கும். கசிந்த மின்சாரத்துக்குப் போக வழியில்லாமல் இரும்பு உடலிலேயே காத்திருக்கும். நீங்கள் தொட்டதும், நீங்களே எர்த் கம்பியாகிவிடுகிறீர்கள். அப்போது உங்கள் வழியாக ஓடுவது ஆர்.சி.சி.பி.யின் எல்லையைத் தொடாத சிறு அளவு என்றால், சுருக்கென்னும், அது விழாது. இரண்டும் ஒருசேர நடந்திருக்கவும் வாய்ப்புண்டு.

எர்த் என்றதும் மண் மின்சாரத்தை விழுங்கிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலையும் மண்ணில்தான் இணைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு எர்த் குழியில் இறங்கும் மின்சாரம் மண் வழியாகவே அங்கே போய்ச் சேர வேண்டும், அதுவும் ஒரு சுற்றுதான். இங்கேதான் கடற்கரை மணல் வில்லங்கம் செய்கிறது. கடல்நீர் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். ஆனால் தேரிபோல் காய்ந்து கிடக்கும் மேல்மணலின் தடை அதைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம். கடல் அருகில் இருக்கிறதே என்று மேலோட்டமாக ஒரு குழாயைச் செருகினால், அது வெறும் மணலில் நிற்கும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். உங்கள் எர்த் குழியின் தடை 20 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கம் 3 ஓம், மொத்தம் 23 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்குள் பேஸ் கம்பி உடலைத் தொட்டுவிட்டது. ஓம் விதிப்படி 230-ஐ 23-ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதைச் சாதாரணப் பயன்பாடு என்று எண்ணிச் சும்மா இருக்கும். அந்த நேரமெல்லாம் மோட்டார் உடலில் 20 ஓமுக்கு உரிய பங்கு, அதாவது 200 வோல்ட் நிற்கும். எர்த் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, ஆனாலும் தொட்டவர் விழுவார். ஆர்.சி.சி.பி. இருந்தால் 10 ஆம்பியர் வழிமாறிப் போகும்போது நொடியில் ஒரு சிறு பங்குக்குள் துண்டித்துவிடும். ஆகவே “கடலோரத்தில் சரிப்படாது” என்பது தலைகீழான பேச்சு. மணற்பாங்கான ஊரில்தான் அது கட்டாயம் வேண்டும்.

எர்த்தைப் புதிதாகப் போடுங்கள். ஐ.எஸ். 3043 என்னும் இந்தியத் தரவிதி குழாய் எர்த்துக்குக் குறைந்தது 2.5 மீட்டர் நீளம் சொல்கிறது. உங்கள் இடத்தில் அதையும் தாண்டி, ஊற்றுநீர் ஈரம் தட்டுப்படும் ஆழம் வரை இறக்குங்கள். ஒரு தண்டு போதாவிட்டால் அதன் நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் இன்னொன்றை இறக்கி இரண்டையும் இணைக்கலாம். வழக்கமாகக் குழியில் கரியும் உப்பும் அடுக்குவார்கள். கடலோரத்தில் உப்பு போடுவது, குழாயை நாமே அரிக்கக் கொடுப்பதாகும். செம்பு பூசிய தண்டும், சுற்றிலும் பென்டனைட் களிமண்ணும் போதும். முடித்த பிறகு எர்த் டெஸ்டரால் அளந்து 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

அரிப்பு என்று சொன்னேன். உங்கள் ஊர்க்காற்றின் அரிப்புக்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டியதில்லை. காரைக்குடியில் ‘சிக்ரி’ என்று அழைக்கப்படும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகங்களைக் கடற்காற்றில் நிறுத்தி அரிமானத்தை அளக்க மண்டபத்தையே தேர்ந்தெடுத்தது. கம்பி இணைப்புகளில் இது ஒரு வேடிக்கையான வடிவம் எடுக்கிறது. மின்கம்பத்திலிருந்து வரும் அலுமினியக் கம்பியோடு வீட்டின் செம்புக் கம்பியை வெறுமனே முறுக்கிவிடுகிறார்கள். இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்பு ஈரம். 1800-ஆம் ஆண்டு அலெசாந்திரோ வோல்ட்டா துத்தநாகத்தையும் வெள்ளியையும் உப்புநீரில் நனைத்த துணியையும் அடுக்கிச் செய்த முதல் மின்கலமும் இதே அமைப்புதான். அவர் வேண்டுமென்று செய்ததை உங்கள் மீட்டர் பெட்டி வேண்டாமலே செய்கிறது. அந்தக் குட்டி மின்கலம் ஓட, அலுமினியம் கரைந்துகொண்டே போகும். இணைப்பு தளர்ந்து சூடாகும், விளக்கு மினுக்கும், ஒருநாள் கருகும். இரு உலோகத்தாலான இணைப்பு முனை (லக்) போட்டு இறுக்கி, மேலே ஈரம் புகாத பசை தடவச் சொல்லுங்கள். மீட்டருக்கு முந்தைய இணைப்பை மின்வாரிய ஊழியர்தான் தொட வேண்டும்.

இப்போது சோலார். நம் மின்சாரத்தின் பெரும்பகுதி சுழற்சியால் வருகிறது. கம்பிச்சுருளுக்கு அருகே காந்தம் நகர்ந்தால் மின்னோட்டம் பிறக்கும் என்று 1831-இல் மைக்கேல் பாரடே காட்டினார். உங்கள் மாவட்டத்து வழுதூரில் இயற்கை எரிவாயு எரிந்து சுழற்றுகிறது, தூத்துக்குடியில் நிலக்கரி நீராவி சுழற்றுகிறது, கூடங்குளத்தில் அணுவெப்பம் நீராவியாகிச் சுழற்றுகிறது. சோலார் பேனலில் மட்டும் எதுவும் சுற்றாது. சிலிக்கானில் விழும் ஒளி எலக்ட்ரான்களை நேராகவே நகர்த்திவிடுகிறது. கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் அளவில் சோலார் நிலையம் அமைத்ததும் இந்த முறையில்தான்.

உங்கள் 400 யூனிட்டை 60 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 7 யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. நம் பக்கத்தில் 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று கொள்ளலாம். எனவே 2 கிலோவாட் போதும். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் இந்த அளவுக்கு மத்திய அரசு மானியம் 60,000 ரூபாய். எத்தனை ஆண்டில் போட்ட பணம் திரும்பும் என்று கணக்கிடும்போது, ஏற்கெனவே கிடைக்கும் இலவச யூனிட்டுகளைக் கழித்துவிட்டுப் பாருங்கள். விற்பவர்கள் அதைக் கழிப்பதில்லை.

மின்வெட்டில் ஓடுமா? மானியத்தில் பொதுவாகப் பொருத்தும், மின்வாரிய லைனோடு இணைந்தே இயங்கும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் ஓடாது. நடுப்பகல் வெயில் கொளுத்தினாலும் நின்றுவிடும். இதைச் சொல்லாமல் விற்றுவிட்டுப் போவதால்தான் பலர் ஏமாந்ததாக நினைக்கிறார்கள். காரணம் நியாயமானது. லைன் அணைந்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவருக்கு உங்கள் மாடியிலிருந்து 230 வோல்ட் போய்விடக் கூடாது. மின்வெட்டிலும் வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் வகை வாங்க வேண்டும், செலவு கணிசமாகக் கூடும்.

கடலோரத்துக்கு வாங்கும்போது, பேனல் உப்புப்பனிச் சோதனையான ஐ.இ.சி. 61701-இல் தேறியதா என்று சான்றிதழைக் கேளுங்கள். தாங்கிகள் சூடான துத்தநாகக் குளியலில் முக்கியெடுத்தவையாகவும், போல்ட்டுகள் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகாகவும் இருக்கட்டும். பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை ஓடுவது நேர்மின்னோட்டம். மாறுமின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியத்தைத் தொடுவதால் தீப்பொறி அணைய வாய்ப்புண்டு. நேர்மின்னோட்டத்தில் அந்த வாய்ப்பு இல்லை, பொறி பிடித்தால் பிடித்ததுதான். எனவே கனெக்டர்கள் தொங்கி நனையாமல், ஒரே நிறுவனத்தின் ஆண் பெண் ஜோடியாக இருக்க வேண்டும். பேனல் சட்டங்களுக்கும் தனியாக எர்த் வேண்டும்.

சிறிய காற்றாலை வேண்டாம். காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக மாறும். வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒன்று. 2 மீட்டர் விட்டமுள்ள விசிறி, நொடிக்கு 4 மீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 வாட்தான் கொடுக்கும். வீட்டுக்கூரை மேல் காற்று சுழன்று உடைந்து வருவதால் அதுவும் குறையும். போதாக்குறைக்கு, உப்பு முதலில் பதம் பார்ப்பது சுழலும் பாகங்களைத்தான்.

ஹைபிரிட் வாங்கினாலும் தண்ணீர் மோட்டாரை அதில் இணைக்க வேண்டாம். 1 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடத் தொடங்கும் கணத்தில் நான்கைந்து மடங்கு இழுக்கும், சிறிய இன்வெர்ட்டர் அங்கேயே மூச்சடைத்து நின்றுவிடும். காலையில் மின்சாரம் இருக்கும்போதே மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள், எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் சரியான பிறகு.