ஏற்காடு ஏற்றத்துக்கு 5,000 ரூபாய் ஏர் ஃபில்டர் தேவையா?

கேள்வி: சேலம் செட்டிச்சாவடியில் வீடு. 1.2 லிட்டர் பெட்ரோல் கார், டர்போ இல்லை. வாரம் ஒருமுறை ஏற்காடு போகிறோம். மேலே போகப் போக வண்டி இழுக்க மறுக்கிறது. கழுவிக் கழுவிப் போடும் பெர்ஃபாமன்ஸ் ஏர் ஃபில்டர் போட்டால் பிக்கப், மைலேஜ் இரண்டும் கூடும் என்கிறார் கடைக்காரர். 5,000 ரூபாய் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் ஊர்த் தூசிக்கு அது பொருந்தவே பொருந்தாது.

முதலில் இழுவை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்; சேலம் 280 மீட்டர்கூட இல்லை. மேலே குளிர்ச்சி இருந்தாலும் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜினில் அதே அளவு சக்தியும் குறையும். வெளியிலேயே இல்லாத காற்றை எந்த ஃபில்டர் கொண்டுவரும்?

மைலேஜும் அப்படித்தான். ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்து ஓட்டும்போது காற்றை மட்டுப்படுத்துவது, மிதிக்கு ஏற்பத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டு. வருகிற காற்றுக்குத் தக்கபடி இசியூ, அதாவது இன்ஜினின் கணினி, பெட்ரோலை அளந்து விடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009இல் சோதித்தபோது, இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் ஃபில்டர் நன்றாக அடைத்திருந்தும் மைலேஜ் குறையவில்லை. முழுதாக மிதிக்கும்போது வேகம் பிடிப்பதுதான் மந்தமானது. ஃபில்டரை மாற்றியதும் பிக்கப் கூடியதாகத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் இன்ஜின் காற்றை உறிஞ்சும் சத்தம் கூடுவதுதான் காரணம். கூம்பு வடிவ ஃபில்டரை பானட்டுக்குள் திறந்தபடி மாட்டினால் இன்னும் மோசம்: இன்ஜின் அனலைத்தான் அது இழுக்கும்.

இனி தூசி. உங்கள் இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3,000 சுற்று) முழு மிதியில் நிமிடத்துக்குச் சுமார் 1,800 லிட்டர் காற்றை இழுக்கும். 200 லிட்டர் பேரல் ஒன்பது. மேக்னசைட் கனிமம் ஏற்றிய லாரிகள் போகும் சாலையில் அதோடு என்னென்ன உள்ளே வரும் என்று யோசித்துப் பாருங்கள். கடைக்காரர் சொல்வது போன்ற எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் காற்றைத் தாராளமாக விடுவதால், பொதுவாகக் கம்பெனி பேப்பர் ஃபில்டரைவிட நுண்தூசியையும் கூடுதலாக விடும். உள்ளே போன மண் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரம்போல் தேய்க்கும். நாளடைவில் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். கழுவியபின் எண்ணெய் கூடிப்போனாலும் தொல்லைதான். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளில், டீசல் கார்களில் குறிப்பாக, அந்த எண்ணெய் சென்சார் கம்பியில் படிந்து காற்றின் கணக்கையே தப்பாக்கிவிடும்.

கம்பெனி பேப்பர் ஃபில்டரையே வாங்குங்கள். பத்தில் ஒரு பங்கு செலவுகூட ஆகாது. சர்வீஸ் புத்தகத்தில் தூசி நிறைந்த சாலைக்கென்று தனிக் கணக்கு இருக்கும், அதைப் பின்பற்றுங்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டர் பெட்டியின் கிளிப்பை விடுவித்துத் திறந்து பாருங்கள். பேப்பரைத் தண்ணீரிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது. கம்ப்ரசர் காற்றை நெருக்கிப் பிடித்து அடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். லேசாகத் தட்டினால் போதும். தட்டியும் மடிப்புக்குள் கறுப்பு போகவில்லையென்றால் மாற்றிவிடுங்கள்.

ஃபில்டரைக் கழற்றியதும், இன்ஜின் பக்கம் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் நறநறவென்று மண் வந்தால் தூசி எங்கோ புகுந்து போகிறது. ஃபில்டரின் ரப்பர் விளிம்பு பள்ளத்தில் சரியாக உட்காராததோ, ஒரு கிளிப் மாட்டாமல் விட்டதோதான் பெரும்பாலும் காரணம். விளிம்பை விரலால் சுற்றிலும் அழுத்திவிட்டு மூடுங்கள்.

மலையேறும்போது இன்ஜின் திணறும்வரை மூன்றாவது கியரில் பிடித்திருக்காமல், கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு வந்து 2,500 முதல் 3,500 ஆர்பிஎம்மில் வைத்திருங்கள். செங்குத்தான இடத்தில் ஏசியை அணையுங்கள். அப்போதும் இழுக்கவில்லையென்றால் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. அந்த 5,000 ரூபாயைக் கிளட்சுக்கு எடுத்து வையுங்கள்.